கூலி என்றால் காசா, ஆளா?

போன வருடம் கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பம் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொண்டிருந்த நண்பன் மெதுவாகக் கேட்டான்: "டேய், இங்கிலீஷ்ல கூலிக்கு ஸ்பெல்லிங் என்னடா?"

"எதுக்குடா?"

"அப்பா தொழில்னு ஒரு கட்டம் இருக்குல்ல."

சொன்னேன். எழுதினான். கவுண்ட்டரில் இருந்தவர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "கூலின்னா? என்ன கூலி?" என்று கேட்டார். வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து என்னிடம் மட்டும், "தமிழ்ல எழுதினப்ப யாரும் சிரிக்கலையே" என்றான்.

அந்த ஒரு வரி எனக்குள் ஒட்டிக்கொண்டது. ஒரே சொல். தமிழில் எழுதினால் தொழில், ஆங்கிலத்தில் எழுதினால் கேலி. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் இருப்பது நம்ம ஊர்ச் சொல்தான்! எங்கே போய் என்ன ஆகித் திரும்பி வந்தது இது? நூலகத்தில் கொஞ்சம் தேடினேன். தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம்ம கூலி

தமிழில் கூலி என்பது ஆள் இல்லை. உழைப்புக்குக் கொடுக்கும் காசோ நெல்லோதான் கூலி. திருக்குறளிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619-ஆம் குறள். அங்கே அது முயற்சிக்குக் கிடைக்கும் பலன். இழிவு என்ற வாசனையே கிடையாது.

நம் வீட்டுப் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். நடவு கூலி, அறுப்புக் கூலி, வண்டிக் கூலி, தையல் கூலி, தறிக் கூலி, அரவைக் கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. நகைக்கடை விளம்பரத்தில் செய்கூலி, சேதாரம். எல்லாமே தொகை. ஆளைச் சொல்ல வேண்டுமானால் பின்னால் இன்னொரு சொல் ஒட்ட வேண்டும்: கூலியாள், கூலிக்காரர். மனசு ஒட்டாமல் வேலை செய்கிறவனைக் "கூலிக்கு மாரடிக்கிறான்" என்போம். அங்கேயும் கூலி என்பது வாங்குகிற பணம்தான்.

நாங்கள் வணிகவியல் மாணவர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிளஸ் ஒன்னில் இறுதிக் கணக்குகள் போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கூலி வியாபாரக் கணக்கில் போகும், சம்பளம் இலாப நட்டக் கணக்கில் போகும். தூக்குக்கூலி என்றே தனியாக ஒரு கணக்கு உண்டு. கூலி நேரடிச் செலவு. அதாவது அது இல்லாமல் சரக்கே இல்லை. சம்பளம் மறைமுகச் செலவு. கணக்குப் புத்தகம் கூலிக்குக் கொடுக்கும் மரியாதையைக் கவுண்ட்டர் கொடுப்பதில்லை :-)

சம்பளத்துக்கும் ஒரு கதை சொல்வார்கள். சம்பு என்றால் நெல், அளம் என்றால் உப்பு, இரண்டும் சேர்ந்து சம்பளம் என்று. ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் சாலரி என்ற சொல்லும் லத்தீனில் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, ஆதியில் இரண்டு பேருக்கும் படியில் அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள். பேனா பிடித்தவனுக்குச் சம்பளம், மண்வெட்டி பிடித்தவனுக்குக் கூலி என்ற பிரிவு பிறகு இறுகியது.

தஞ்சாவூர் ஜட்ஜ் எழுதிய அகராதி

ஆங்கிலேயர்கள் இந்தியாவில் பேசிய கலப்படப் பேச்சுக்கு ஒரு பெரிய அகராதி இருக்கிறது. பெயர் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்'. 1886-இல் வெளிவந்தது. முஹர்ரம் ஊர்வலத்தில் "யா ஹசன், யா ஹுசைன்" என்று கேட்ட முழக்கத்தை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி திரித்ததுதான் அந்தப் பெயர். அதைத் தொகுத்த இருவர் ஹென்றி யூலும், ஆர்தர் கோக் பர்னெலும்.

இந்த பர்னெல் வேறு யாரும் இல்லை, நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்தில் (இன்றைய சரஸ்வதி மகால்) இருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880-இல் அட்டவணை வெளியிட்டவரும் அவரே. 1882-இல் இறந்துவிட்டார். அகராதி அச்சானதை அவர் பார்க்கவில்லை. யூல்தான் முடித்தார்.

அந்த அகராதியில் நம் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. சுருட்டு 'செரூட்' ஆனது. கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடாணி' ஆனது. அதையும் சுருக்கி, சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கே 'மல்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். ரசம் குடிக்கிறவன் என்ற அர்த்தத்தில்! அதை அவர்கள் தங்களுக்குள் சிரிப்பதற்கு வைத்துக்கொண்டார்கள். கூலியை அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

கூலிக்கு அந்த அகராதி இரண்டு வேர் சொல்கிறது. ஒன்று, மேற்கு இந்தியாவில் உள்ள கோலி என்ற சமூகத்தின் பெயர். இன்னொன்று, தமிழின் கூலி. இரண்டும் கலந்துதான் அந்தச் சொல் பரவியிருக்கும் என்கிறார்கள். போர்ச்சுகீசியர்கள் காலத்திலேயே கடலோரமாக ஊர் சுற்றத் தொடங்கிவிட்ட சொல் இது.

எனக்கு முக்கியமாகத் தோன்றியது வேரைவிட இன்னொரு விஷயம். தமிழில் "கூலியாள்" என்றிருந்ததில் 'ஆள்' விழுந்துவிட்டது. கூலி மட்டும் மிஞ்சியது. ஒருவனுக்குக் கொடுக்க வேண்டிய காசின் பெயரே அவனுடைய பெயராகிவிட்டது. நமக்குச் சம்பளம் தருகிறவர் "ஏய் சம்பளம், இங்கே வா" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

கப்பலேறிய சொல்

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை 1834-இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். அதே 1834-இல் மொரீஷியசுக்கு இந்தியர்களை ஒப்பந்தத்தில் கொண்டுபோகத் தொடங்கினார்கள். பிறகு கயானா, டிரினிடாட், நட்டால், ஃபிஜி. பெரும்பாலும் ஐந்து வருட ஒப்பந்தம், கைநாட்டு. இந்த மனிதர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்: கூலி.

சொல் எவ்வளவு தூரம் போனது என்றால், சீனாவில் இதை 'கசப்பான வலிமை' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளால் 'கூலி' என்றே எழுதினார்கள். 1862-இல் கலிஃபோர்னியாவில் சீனத் தொழிலாளர்களுக்கு எதிராகப் போட்ட சட்டத்துக்கே கூலி எதிர்ப்புச் சட்டம் என்று பெயர். நம்ம ஊர்க் களத்துமேட்டில் இருந்த சொல் பசிபிக் கடலைத் தாண்டிவிட்டது.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. புறப்பட்டது சென்னையிலிருந்து. அதில் 342 பேர். நட்டாலுக்குப் போன முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவர்கள்தான். அடுத்த ஐம்பது வருடங்களில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் அங்கே போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை வழியாகப் போன தமிழர்களும் தெலுங்கர்களும்.

நாகப்பட்டினத்திலிருந்து வேறொரு பாதை. பினாங்குக்கும் மலாயாவுக்கும் போன கப்பல்கள். முதலில் கரும்பு, பிறகு ரப்பர். டெல்டாவில் நிலம் இல்லாதவர்களுக்கு அக்கரை என்றால் பினாங்குதான். இலங்கைக்குக் கங்காணி முறையில் போனார்கள். முதலில் காப்பி, அது நோய் வந்து அழிந்த பிறகு தேயிலை. தோட்டத் துரைகளுக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கக் கொழும்பில் அச்சடித்த ஒரு சிறு புத்தகத்தின் பெயரே 'இங்கே வா'. துரை முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய தமிழ் அதுதான்! தொழிலாளர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளுக்குக் 'கூலி லைன்' என்று பெயர். மலையகத்தில் இன்றும் லயன் என்கிறார்கள்.

கூலி பாரிஸ்டரும் சாமியும்

தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல் வேறொரு கட்டத்துக்குப் போனது. தோட்டத்தில் வேலை செய்கிறவன் மட்டும் கூலி இல்லை. இந்தியனாக இருந்தாலே கூலி. கடை வைத்திருந்தால் கூலி வியாபாரி. 1893-இல் அங்கே போன காந்தி, கூலி பாரிஸ்டர். வழக்கறிஞருக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அது தொழிலின் பெயராக இல்லாமல், தோலின் பெயராகிவிட்டது. டிரான்ஸ்வாலின் 1885-ஆம் வருடச் சட்டத்தில் ஆசியர்களைப் பட்டியலிடும் இடத்திலேயே 'கூலிகள்' என்ற சொல் இருக்கிறது. தெருவில் சொன்ன வசை சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

இன்னொரு சொல்லும் அங்கே புழங்கியது. சாமி. ராமசாமி, முத்துசாமி, குப்புசாமி என்று பெயர்களைக் கேட்ட வெள்ளைக்காரர்கள், எல்லாருக்கும் பொதுவாகச் 'சாமி' என்று வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் அது இளக்காரம். காந்தி தன் சுயசரிதையில் இதை விளக்குகிறார். சாமி என்றால் எசமான் என்று அர்த்தம், நான் உங்களுக்கு எசமான் இல்லையே என்று சில இந்தியர்கள் திருப்பிச் சொல்வார்களாம். சிலர் அதைக் கேட்டுக் கூசிப்போவார்கள், சிலருக்குக் கோபம் வரும். என்ன ஒரு பதில்! நம் மொழியில் கடவுளைக் குறிக்கும் சொல்லும், உழைப்பின் பலனைக் குறிக்கும் சொல்லும், இரண்டுமே அங்கே வசை.

1894-இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். எசமான் அடித்ததில் முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம். முண்டாசைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்ற பழக்கம், காந்தி முன்னாலும் வந்துவிட்டது. அதைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள் என்று காந்தி சொன்னார். பிறகு அவரை வேறு எசமானிடம் மாற்ற வழி செய்தார். ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குக் காந்தி யார் என்று தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

1895-இல், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது வருடத்துக்கு 3 பவுண்டு வரி போட்டார்கள். அதை எதிர்த்த போராட்டம் 1913-இல் பெரிதாக வெடித்தது. சிறை போனவர்களில் ஒரு பெண், தில்லையாடி வள்ளியம்மை. ஜோகனஸ்பர்க்கில் பிறந்தவர். பெற்றோரின் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள தில்லையாடி. அன்றைய தஞ்சாவூர் ஜில்லா, இன்றைய மயிலாடுதுறை மாவட்டம். சிறையில் காய்ச்சல் வந்து, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. அவருக்கு முன்பே 1909-இல் சிறையில் நோய்வாய்ப்பட்டு இறந்தவர் சாமி நாகப்பன். பெயரைப் பாருங்கள், சாமி! 1914-இல் அந்த வரி ரத்தானது. 1915-இல் காந்தி தில்லையாடிக்கே வந்து போனார். இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை அனுப்புவது 1917-இல் நின்றது.

திரும்பி வந்த சொல்

போன சொல் அப்படியே திரும்பி வந்திருந்தால் பரவாயில்லை. ஆங்கிலத்தில் ஏறிய அழுக்கோடு திரும்பி வந்தது. ரயில்வே ஸ்டேஷனில் "கூலி! கூலி!" என்று ஆளைக் கூப்பிட்டார்கள். தமிழிலும் காசு போய் ஆள் ஆகிவிட்டது. 2016-17 ரயில்வே பட்ஜெட்டில், இனிமேல் அவர்களைச் 'சஹாயக்', அதாவது உதவியாளர் என்று அழைக்கலாம் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் பெயரை மாற்றினால் தலையில் உள்ள பெட்டியின் எடை குறையுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் வெளிநாட்டில் இல்லை, நம் டெல்டாவிலேயே இருக்கிறது.

இங்கே பண்ணையாள் முறை இருந்த காலத்தில் கூலி என்பது படியில் அளந்து போடும் நெல். எத்தனை மரக்கால், எந்த மரக்கால், குமித்து அளப்பதா தலைதட்டி அளப்பதா, இதில்தான் ஒரு குடும்பத்தின் சாப்பாடு இருந்தது. கேட்டால் சாட்டையடியும் சாணிப்பாலும். 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயச் சங்கம் கட்டியபோது எதிர்த்தது இதைத்தான். 1952-இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அப்புறமும் தீரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணி. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டார்கள், சங்கக் கொடியை இறக்க மறுத்தார்கள். ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கியிருந்த தலித் மக்கள் 44 பேர் தீயில் கருகினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். வழக்கில் முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்ட நிலக்கிழாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கணபதியா பிள்ளை கமிஷன் அமைத்தார்கள். 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கிழக்குத் தஞ்சைக்காகவே வந்த சட்டம்.

அந்தச் சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். நியாயக் கூலி. இங்கே கூலி மறுபடியும் அதன் பழைய அர்த்தத்தில் நிற்கிறது. ஆள் இல்லை. கொடுக்க வேண்டிய தொகை. ஒருவர் இன்னொருவருக்குப் பட்டிருக்கும் கடன். எங்கள் கணக்குப் பாடத்தில் சொல்வதுபோல, கொடுபடவேண்டிய கூலி என்றால் அது ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கம் வரும். கீழ்வெண்மணிக்காரர்கள் தங்களை வேறு பெயரில் அழைக்கச் சொல்லி உயிரை விடவில்லை. கூலியைக் கேட்டுத்தான் விட்டார்கள்.

இப்போது யார் கூலி?

வெளியே சில இடங்களில் இந்தச் சொல்லைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுலி 'கூலித்துவம்' என்று சொல்லத்தக்க ஒரு கருத்தையே உருவாக்கினார். போர்ட் லூயியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரையேறிய 'கூலி காட்' இன்று ஆப்ரவாசி காட் என்ற பெயரில் இருக்கிறது. 2006-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. கயானா வம்சாவளிப் பத்திரிகையாளர் காயத்ரா பகதூர் தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றி 2013-இல் எழுதிய புத்தகத்துக்குக் 'கூலிப் பெண்' என்றே பெயர் வைத்தார். இங்கே 2025-இல் ரஜினி படத்துக்குப் பெயரே 'கூலி'. தியேட்டரில் விசில் பறந்தது. அதே தியேட்டர் வாசலில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் விசில் வராது.

கடைசியாக ஒன்று. கொஞ்சம் சங்கடமான விஷயம்.

இன்றைக்கு டெல்டாவில் அறுப்பு பெரும்பாலும் மிஷின். மிஷினுக்குக் கொடுப்பது வாடகை, மணிக் கணக்கு. நடவுக்கு ஆள் கிடைக்காத ஊர்களில் மேற்கு வங்காளம், பீகாரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். முழங்கால் சேற்றில் கயிறு பிடித்து வேகமாக நடுகிறார்கள். அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? "வடக்கன்." வங்காளியோ, பீகாரியோ, ஒடியாவோ எல்லாரும் ஒன்றுதான். டீக்கடையில் நானே சொல்லியிருக்கிறேன். தப்பாக எதுவும் நினைத்துச் சொல்லவில்லை என்றுதான் சொல்வேன். டர்பனில் "சாமி" என்று கூப்பிட்டவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

ஒரு மனிதரின் பெயரைக் கேட்காமல் அவருக்கு நாமாக ஒரு பெயர் வைக்கும்போதுதான் வசை பிறக்கிறது. சொல் எந்த மொழி என்பது இரண்டாம் பட்சம்.

நண்பன் கதையை முடிக்கவில்லையே. அந்தக் கவுண்ட்டர்காரர், "அக்ரிகல்சர் லேபரர்னு மாத்தி எழுதிக் கொண்டு வாப்பா" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். நண்பன் அடித்துவிட்டு மாற்றி எழுதினான். உதவித்தொகையும் வந்தது. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவனுடைய அப்பாவுக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். காசு வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு அவன் கேட்டது: "இன்னிக்குக் கூலி குடுத்துட்டாங்களாப்பா?"

"இல்லடா, நாளைக்குன்னு சொல்லியிருக்காங்க" என்று பதில் வந்தது. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

உங்கள் ஊரில் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? என்னென்ன கூலி உண்டு? தெரிந்தால் சொல்லுங்கள், நானும் குறித்துக்கொள்கிறேன்.